ஃபோனை எங்கே மாட்டுவது? லாங் ரைடுக்கு முன் ஒரு கேள்வி

(எங்கள் பாட்காஸ்டில் பேசப்பட்டதன் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம் இது. வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

  இன்னைக்குக் கொஞ்சம் சின்ன விஷயம் மாதிரி தெரியுற ஒரு விஷயத்தைப் பத்திப் பேசப் போறேன். ஆனா இந்தச் சின்ன விஷயத்தால நான் ஒரு தடவை ரோட்டுல விழுந்திருக்கேன். அதனால கொஞ்சம் விரிவாவே பேசலாம்னு நினைக்கிறேன்.

போன மாசம் என் சித்தப்பா பொண்ணு எனக்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் அனுப்பினா. அவளோட முதல் பெரிய வண்டி, 350 சி.சி. டெலிவரி எடுத்து மூணு வாரம்தான் ஆகியிருந்தது. ஈ.சி.ஆர். வழியா தனுஷ்கோடி வரைக்கும் தனியா போகணும்னு பிளான். மெசேஜ்ல மூணு ஃபோன் ஹோல்டரோட லிங்க் இருந்தது. கீழ ஒரே ஒரு வரி: “அண்ணா, இதுல எது வாங்கட்டும்?”

நான் பதிலுக்கு, “எங்க மாட்டப் போற?”ன்னு கேட்டேன். அவ ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்பினா. அப்புறம், “ஹேண்டில்பார்லதான், வேற எங்க?”ன்னு கேட்டா.

நம்மள்ல பெரும்பாலானவங்க இப்படித்தான். எந்த ஹோல்டர், எத்தனை ஸ்டார், என்ன விலைன்னு ஒரு வாரம் தேடுவோம். எந்த இடம்னு ஒரு நிமிஷம்கூட யோசிக்க மாட்டோம். கடையில போய் நிப்போம். அங்க இருக்கிற பையன் ஸ்பேனர் போக வசதியா இருக்கிற இடத்துல மாட்டிக் கொடுத்துருவான். அவனைத் தப்பு சொல்ல முடியாது, அந்த வண்டியை ஓட்டப் போறது அவன் இல்லையே.

காளப்பநாயக்கன்பட்டி ரோட்டுல நடந்தது

2018-ல நான் சென்னையில இருந்து கொல்லிமலைக்கு ஒரு ரைடு போனேன். பழைய வண்டி, ஏ.பி.எஸ். கிடையாது. டேங்க் மேல ஒரு டேங்க் பேக். அதுக்கு மேல ஃபோன் வைக்கிற மாதிரி கண்ணாடி போல ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும், தெரியும்ல? ஃபோனை அதுலதான் வெச்சிருந்தேன். எனக்கு அது ரொம்பப் பிடிச்ச ஏற்பாடு. எதையும் முறுக்க வேண்டாம், வண்டியில ஒரு கீறல் விழாது, மழை வந்தாலும் நனையாது.

சேந்தமங்கலம் தாண்டிட்டேன். மணி பதினொண்ணு இருக்கும், நல்ல வெயில். அந்த பிளாஸ்டிக் பைக்குள்ள ஃபோன் காலையில இருந்து வெந்துட்டு இருக்கு. ஃபோன் ரொம்பச் சூடானா என்ன பண்ணும்? தன்னைக் காப்பாத்திக்க ஸ்கிரீன் வெளிச்சத்தைத் தானாவே குறைச்சிரும். மேல வெயில் அடிக்குது, கீழ ஸ்கிரீன் மங்கலா இருக்கு, நடுவுல பிளாஸ்டிக் பளபளன்னு வானத்தைக் காட்டுது. முன்னாடி ரோடு ரெண்டா பிரியுது. எந்தப் பக்கம்னு பாக்க நான் தலையைக் குனிஞ்சேன். ஒண்ணும் தெரியல. இன்னும் கொஞ்சம் குனிஞ்சு, கண்ணைச் சுருக்கிப் பாத்தேன்.

நிமிர்ந்தப்போ ஒரு டி.வி.எஸ். 50, பால் கேனோட, வயக்காட்டுப் பாதையில இருந்து ரோட்டுல ஏறிட்டு இருந்தது. பிரேக்கைப் பிடிச்சேன். முன் வீல் லாக் ஆயி வண்டி சாஞ்சுருச்சு. நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். அந்தப் பெரியவர் பதறிப்போய் ஒதுங்கினதுல அவரும் வண்டியோட சாஞ்சுட்டார். நல்ல வேளை, அவருக்கு முழங்கால்ல சிராய்ப்போட போச்சு. கேன்ல இருந்த பால் முழுக்க ரோட்டுல.

எனக்குக் கை மணிக்கட்டுல அடி. டேங்க் பேக் தெறிச்சுப் பக்கத்துப் பள்ளத்துல கிடந்தது, உள்ள ஃபோன் நொறுங்கிருச்சு. யாருக்கும் ஃபோன் பண்ண வழி இல்ல. அந்தப் பெரியவர்தான் மடியில இருந்து பட்டன் ஃபோனை எடுத்து அவர் பையனைக் கூப்பிட்டார். அப்புறம் என் பக்கத்துல உக்காந்து கேட்டார்: “வழிதானே தம்பி வேணும்? வண்டிய நிறுத்தி என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனுங்களே.”

கோவமா கேட்டிருந்தாகூடப் பரவாயில்ல. அவர் நிஜமாவே புரியாம கேட்டார். அன்னைக்கு எனக்குச் சொல்றதுக்குப் பதில் இல்ல.

ரெண்டு செகண்டுக்கு எவ்வளவு ரோடு?

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி ஒரு செகண்டுக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். ரெண்டு செகண்ட் கீழ பாத்தா 33 மீட்டர் போயிருக்கும். நம்ம ஊர் டவுன் பஸ் ஒண்ணு ஏறக்குறைய 12 மீட்டர் நீளம். அப்போ கிட்டத்தட்ட மூணு பஸ் நீளத்துக்கு நீங்க ரோட்டைப் பாக்காம போறீங்க. 80-ல போனா அது 44 மீட்டர். ஹைவேல 80 நமக்கு ஒரு வேகமாவே தெரியாது.

அதனால ஜி.பி.எஸ். எங்க இருக்கணும்ங்கிற கேள்விக்கு என் முதல் அளவுகோல் இதுதான்: ரோட்டுல இருந்து கண்ணை எடுத்து, ஸ்கிரீனைப் படிச்சு, திரும்ப ரோட்டுக்கு வர எவ்வளவு நேரம் ஆகுது? வசதி, அழகு, விலை எல்லாம் அதுக்கு அப்புறம்.

இதைச் சட்டமும் கிட்டத்தட்ட இப்படித்தான் பாக்குது. 2020 அக்டோபர் 1-ல இருந்து நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், வண்டி ஓட்டும்போது கையடக்கக் கருவியை வழி பாக்க மட்டும் பயன்படுத்தலாம்னு சொல்லுது. அதுவும் ஓட்டுறவரோட கவனம் சிதறாத வகையில. அந்தக் கடைசிப் பகுதியை எல்லாரும் மறந்துடுறோம். ஹோல்டர்ல இருக்கிற ஃபோன்ல வாட்ஸ்அப் பாத்துட்டு ‘நேவிகேஷன் சார்’னு சொன்னா அது செல்லாது.

இடம் 1: டேங்க் பேக்

இதைப் பத்திச் சொல்லியாச்சு. இன்னும் ஒண்ணு மட்டும் சேர்க்கணும். முழு முக ஹெல்மெட் போடுறவங்களுக்கு, தாடைப் பக்கம் இருக்கிற பகுதி கீழ்ப்பார்வையை மறைக்கும். அதனால டேங்க் மேல இருக்கிறதைக் கண்ணை மட்டும் தாழ்த்திப் பாக்க முடியாது, தலையையே குனியணும். தலை குனிஞ்சா ரோடு ஓரப்பார்வையில இருந்தும் போயிடும். டேங்க் பேக்ல மழை கோட்டு வைங்க, தண்ணி வைங்க, கடலை மிட்டாய் வைங்க. ஜி.பி.எஸ். வேண்டாம்.

இடம் 2: ஹேண்டில்பார்ல, கிளட்ச் பக்கம்

நம்ம ஊர்ல அதிகமா பாக்குறது இதுதான். சாதாரண ஹேண்டில்பார் 22 மில்லிமீட்டர் தடிமன். கடையில இருக்கிற எந்த ஹோல்டரும் அதுல உக்காரும். விலை கம்மி, அஞ்சு நிமிஷ வேலை. இடது பக்கம் மாட்டுறதுல ஒரு நியாயமும் இருக்கு. வலது கையில ஆக்ஸிலரேட்டரும் முன் பிரேக்கும் இருக்கு, அந்தக் கையை எடுக்கவே கூடாது. எடுக்க முடிஞ்சா இடது கைதான்.

குறை என்னன்னா, ஹேண்டில்பார் நடுவுலதான் இறுக்கிப் பிடிச்சிருக்கு. நுனிக்குப் போகப் போக நடுக்கம் அதிகம். ஒரு ஸ்கேலை டேபிள் ஓரத்துல அழுத்திப் பிடிச்சுத் தட்டிப் பாருங்க, நுனிதான் அதிகமா ஆடும். அதே கதைதான் இங்கயும். ரெண்டாவது, அந்தப் பக்கம் கிளட்ச் கேபிள், ஹாரன், இண்டிகேட்டர், டிம்-டிப் ஸ்விட்ச் எல்லாம் நெருக்கமா இருக்கு. கட்டை விரல் ஹாரனைத் தேடும்போது ஹோல்டர்ல இடிச்சா, நம்ம ஊர்ல அது பெரிய பிரச்சினை. ஹாரன் இல்லாம மதுரவாயல் தாண்ட முடியாது.

இடம் 3: மிரர் தண்டு

ஸ்கூட்டர்ல, டெலிவரி வண்டிகள்ல இதை நிறைய பாக்கலாம். அவங்களுக்கு அது சரி. மெதுவா போறாங்க, அடிக்கடி நிறுத்தி எடுக்குறாங்க. டூரிங்குக்கு இது எனக்கு ஒத்து வரல. மிரர் தண்டு ஒல்லியா, உயரமா இருக்கு. அதுல ஃபோன் எடையைச் சேர்த்தா மிரரே ஆடும். பின்னாடி வர்ற லாரி ரெண்டா தெரியும். நட்டு மெல்ல மெல்ல லூஸ் ஆகி, ஒரு நாள் மிரர் தானா உள்பக்கம் திரும்பிக்கும். இன்னொண்ணு, ஃபோன் வண்டியோட வெளி ஓரத்துல இருக்கு. டிராஃபிக்ல பஸ் உரசுறதும் அங்கதான். சிக்னல்ல எவனாவது பறிச்சுட்டுப் போறதுக்கும் அதுதான் வசதி.

இடம் 4: நடுவுல, ஹேண்டில்பார் கிளாம்ப் மேல

ஹேண்டில்பாரைப் பிடிச்சிருக்கிற கிளாம்ப் போல்ட் மேலயோ, ஸ்டியரிங் தண்டோட நடுவுலயோ மாட்டுற மவுண்ட் கிடைக்குது. ஸ்போர்ட்ஸ் வண்டிகள்ல ஹேண்டில்பார் ரெண்டு துண்டா இருக்கும், அதுக்குத் தண்டு ஓட்டையில சொருகி இறுக்குற வகை உண்டு. இது திரும்புற அச்சுக்கு மேலயே இருக்கிறதால ஹேண்டிலைத் திருப்பினா ஃபோன் அதிகம் நகராது, திரும்ப மட்டும் செய்யும். நடுக்கமும் நுனியைவிடக் குறைவு. உங்க முகத்துக்கு நேர் கீழ இருக்கிறதால பக்கவாட்டுல பாக்க வேண்டாம்.

பெரிய ஆபத்து, மீட்டரை மறைக்கிறது. வேகம் தெரியலன்னா சமாளிச்சுக்கலாம், ஜி.பி.எஸ். அதைக் காட்டும். ஆனா ஆயில் லைட், இன்ஜின் லைட், ஏ.பி.எஸ். லைட், ஹை பீம் லைட் இதெல்லாம் மீட்டர்லதான் இருக்கு. ஆயில் லைட் எரிஞ்சதைப் பாக்காம நூறு கிலோமீட்டர் ஓட்டினா, அப்புறம் ஜி.பி.எஸ். வழி காட்ட வேண்டியது மெக்கானிக் கடைக்குத்தான். சாவி போடுற இடமும் சில வண்டிகள்ல அங்கதான் இருக்கு, சாவிக்கொத்து தொங்கி ஃபோனைத் தட்டிட்டே இருக்கும்.

இடம் 5: மீட்டருக்கு மேல, விண்ட்ஷீல்டுக்குப் பின்னாடி

அட்வென்ச்சர் டூரிங் வண்டிகள்ல விண்ட்ஷீல்டுக்குப் பின்னாடி குறுக்க ஒரு சின்ன கம்பி போட்டு அதுல மாட்டுவாங்க. டக்கார் ராலி வண்டிகளைப் பாத்திருக்கீங்களா? வழி சொல்ற ரோட்புக் அவங்க முகத்துக்கு நேரா, ஒரு கோபுரம் மாதிரி உயரத்துல இருக்கும். காரணம் இருக்கு. ரோட்டைப் பாக்குற பார்வைக்குப் பக்கத்துல இருக்கிற இடம் அதுதான். உக்காந்தாலும் எழுந்து நின்னு ஓட்டினாலும் தெரியும். விண்ட்ஷீல்ட் கொஞ்சம் காத்தையும் மழையையும் தடுக்கும்.

சிலர் இதுல ஒரு குறை சொல்வாங்க: “கைக்கு எட்டல, தொட்டு எதுவும் மாத்த முடியல.” அது குறையே கிடையாதுன்னுதான் நான் சொல்வேன். ஓடுற வண்டியில ஸ்கிரீனைத் தொடணும்ங்கிற ஆசையையே அது எடுத்துரும். தொடணும்னா நிறுத்தணும். நிறுத்துறது நல்லது.

கவனிக்க வேண்டியது ரெண்டு. ஃபோனோட மேல் விளிம்பு ரோட்டை மறைக்கக் கூடாது. அப்புறம், மெல்லிசான தகடு பிராக்கெட்ல மாட்டினா ஸ்கிரீன் கிடுகிடுன்னு ஆடும், எழுத்தே படிக்க முடியாது. கம்பியோட ரெண்டு முனையும் உறுதியான இடத்துல பிடிச்சிருக்கணும்.

நடுக்கம் கேமராவை என்ன பண்ணும்?

ஒத்தை சிலிண்டர் வண்டி 4,000 ஆர்.பி.எம்.-ல ஓடும்போது பிஸ்டன் செகண்டுக்கு சுமார் 67 தடவை மேல கீழ போயிட்டு வருது. அந்த அதிர்ச்சி ஹேண்டில்பார் வழியா ஃபோனுக்கு வந்துட்டே இருக்கும். பேலன்சர் ஷாஃப்ட் இருக்கிற புது இன்ஜின்கள்ல இது குறைவு, பழைய வண்டிகள்ல அதிகம்.

இப்ப நல்ல ஃபோன் கேமராக்கள்ல கை நடுங்கினாலும் படம் தெளிவா வர்றதுக்கு ஒரு ஏற்பாடு இருக்கு. கைரோ சென்சார் நடுக்கத்தை உணரும். காந்தம் வெச்சு லென்ஸைத் துளித்துளியா நகர்த்தி அதைச் சரி பண்ணும். அதாவது கேமராவுக்குள்ள அசையுற பாகம் இருக்கு. 2021 செப்டம்பர்ல ஆப்பிள் நிறுவனமே ஒரு அறிவிப்பு வெளியிட்டது. சக்தி வாய்ந்த மோட்டார்சைக்கிள் இன்ஜினோட அதிர்வு தொடர்ந்து பட்டா ஐஃபோன் கேமரா பாதிக்கப்படலாம், நேரடியா மாட்டுறதைத் தவிருங்கன்னு சொன்னது. மொபெட், எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்ல மாட்டினாகூட அதிர்வைக் குறைக்கிற மவுண்ட் போடச் சொன்னது. அசையுற லென்ஸ் எந்த ஃபோன்ல இருந்தாலும் இந்தக் கவலை பொருந்தும்.

அப்போ என்ன பண்ணலாம்? ரப்பர் வெச்ச அதிர்வு குறைப்பான் தனியா கிடைக்குது, அதைப் போடலாம். நான் பண்றது வேற. வீட்டு டிராயர்ல கிடக்கிற பழைய ஃபோனை எடுங்க. பேட்டரி ஓரளவு நின்னா போதும். மேப்பை ஆஃப்லைன்ல டவுன்லோட் பண்ணி அதை வண்டியில மாட்டுங்க. கேமரா போனா போகட்டும். புது ஃபோனை ஜாக்கெட் பாக்கெட்டுல, ஜிப் போட்டு உடம்போட வைங்க.

இதுல இன்னொரு பெரிய காரணம் இருக்கு. கீழ விழுந்தா நீங்களும் வண்டியும் ஒரே இடத்துல இருப்பீங்கன்னு சொல்ல முடியாது. நான் விழுந்தப்போ என் ஃபோன் பள்ளத்துல கிடந்தது. அந்தப் பெரியவர் இல்லன்னா நான் யாரைக் கூப்பிட்டிருப்பேன்? 108-ஐ அழைக்க வேண்டிய ஃபோன் உங்க உடம்புலதான் இருக்கணும், வண்டியில இல்ல.

சிக்னல் இல்லன்னா ஜி.பி.எஸ். வேலை செய்யுமா?

செய்யும். இதுல நிறைய பேருக்குக் குழப்பம் இருக்கு. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துது. உங்க ஃபோன் அந்தச் சிக்னலை வாங்க மட்டும்தான் செய்யுது. குறைஞ்சது நாலு செயற்கைக்கோள் தெரிஞ்சா நீங்க எங்க இருக்கீங்கன்னு கணக்குப் போட்டுரும். டவர், டேட்டா எல்லாம் மேப் படத்தை இறக்கறதுக்குத்தான் தேவை. மேப் ஏற்கெனவே ஃபோன்ல இருந்தா டவர் இல்லாத மலையிலயும் வழி தெரியும்.

ஆனா வானம் தெரியணும். காரவள்ளியில இருந்து கொல்லிமலை மேல ஏற 70 கொண்டை ஊசி வளைவு. ஒரு பக்கம் மலைச் சுவர் பாதி வானத்தை மறைச்சிரும். மேல ஒரு ரோடு, கீழ ஒரு ரோடு, நடுவுல நீங்க. அந்த அம்பு சில நேரம் பக்கத்து வளைவுக்குத் தாவிரும். அங்க ஸ்கிரீனைப் பாக்குறதுல அர்த்தமே இல்ல. இருக்கிறது ஒரே ரோடு. குரலையும் நிறுத்திருங்க, இல்லன்னா ஒவ்வொரு வளைவுக்கும் அந்தம்மா ‘திரும்பவும், திரும்பவும்’னு சொல்லிட்டே வரும்.

ஹெல்மெட்டுக்குள்ள புளூடூத் ஸ்பீக்கர் வெச்சுக்கிட்டா ஸ்கிரீனைப் பாக்குற தேவை பாதியா குறையும். சத்தம் மட்டும் கொஞ்சமா வைங்க, பின்னாடி வர்ற லாரி ஹாரன் கேக்கணும். 2020-ல ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350-ல மீட்டர் பக்கத்துல டிரிப்பர்னு ஒரு குட்டி வட்டம் வந்தது. அதுல மேப் கிடையாது. ஒரு அம்பு, எவ்வளவு தூரத்துல திரும்பணும், அவ்வளவுதான். வண்டி ஓட்டும்போது நமக்கு வேணும்ங்கிறதே அவ்வளவுதானே? பெரிய ஸ்கிரீன்ல முழு மேப்பும் தெரியணும்னு ஆசைப்படுறது உக்காந்து பிளான் பண்றப்போ சரி.

வயரும் தண்ணியும்

நேவிகேஷன் பேட்டரியைக் குடிக்கும், அதனால சார்ஜர் வேணும். சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற லைன்ல இருந்து, நடுவுல ஒரு ஃபியூஸ் வெச்சு எடுக்கச் சொல்லுங்க. நேரா பேட்டரியில இருந்து எடுத்து ஸ்விட்ச் இல்லாம விட்டா, ரெண்டு வாரம் வண்டியை எடுக்காம இருந்தப்புறம் செல்ஃப் எடுக்காது. வயர்லெஸ் சார்ஜிங் வெயில் காலத்துல ஃபோனை இன்னும் சூடாக்கும். சாதாரண கேபிளே நல்லது.

மழையில சார்ஜ் போர்ட் நனைஞ்சா ஃபோனே ‘ஈரம் இருக்கு’ன்னு சொல்லி சார்ஜ் ஏத்த மறுக்கும். ஐப்பசி, கார்த்திகையில ரைடு போறவங்க ஃபோனை எடுத்து உள்ள வெச்சுட்டுக் குரலை மட்டும் கேட்டுப் போங்க. மழைத்துளி பட்டா டச் ஸ்கிரீன் அதுவா எதையாவது அமுக்கிட்டே இருக்கும். அடிக்கடி தூர ரைடு போறவங்க, காசு இருந்தா, மோட்டார்சைக்கிளுக்குன்னே வர்ற ஜி.பி.எஸ். கருவி வாங்கலாம். கார்மின் ஸூமோ மாதிரி. வெயில்ல தெரியும், கையுறையோட தொடலாம், மழை தாங்கும். மத்தவங்களுக்குப் பழைய ஃபோனே போதும்.

வாங்கறதுக்கு முன்னாடி அஞ்சு சோதனை

என் தங்கச்சியை ஒரு ஞாயித்துக்கிழமை காலையில வண்டியோட வீட்டுக்கு வரச் சொன்னேன். ஹோல்டர் இன்னும் வாங்கல. ஒரு பழைய ஃபோனையும் இன்சுலேஷன் டேப்பையும் வெச்சுக்கிட்டு ஒவ்வொரு இடமா ஒட்டிப் பாத்தோம்.

முதல் சோதனை கண்ணுக்கு. ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் போட்டு வண்டியில உக்காரணும். தெருக் கோடியில ஒரு பொருளைப் பாக்கணும். தலையை அசைக்காம கண்ணை மட்டும் இறக்கி ஸ்கிரீனைப் படிக்க முடியுதா? முடிஞ்சா அந்த இடம் பாஸ். என் தங்கச்சி என்னைவிட ஆறு அங்குலம் குட்டை. எனக்கு மீட்டர் மேல சரியா தெரிஞ்ச இடம் அவளுக்கு ரோட்டையே மறைச்சது. அதனால யூடியூப்ல யாரோ மாட்டின இடத்தைப் பாத்து அப்படியே மாட்டாதீங்க. அவர் உயரம் வேற, அவர் சீட் வேற.

ரெண்டாவது, ஹேண்டில் லாக். இன்ஜினை ஆன் பண்ணி, நியூட்ரல்ல, இடது கோடி வரைக்கும் வலது கோடி வரைக்கும் திருப்பிப் பாருங்க. ஃபோன் டேங்க்ல இடிக்குதா? கேபிள் இழுக்குதா? விரல் மாட்டுதா? திருப்பும்போது இன்ஜின் சத்தம் தானா ஏறினா ஆக்ஸிலரேட்டர் கேபிள் எங்கயோ இழுபடுதுன்னு அர்த்தம். அதோட ரோட்டுல இறங்கவே கூடாது.

மூணாவது, விளக்கு. சாயங்காலம் இருட்டினப்புறம் சாவி போட்டு, மீட்டர்ல இருக்கிற எல்லா லைட்டும் தெரியுதான்னு பாக்கணும். ஸ்கிரீன் வெளிச்சம் விண்ட்ஷீல்டுலயோ ஹெல்மெட் கண்ணாடியிலயோ பிரதிபலிக்குதான்னும் பாக்கணும். ராத்திரிக்கு மேப்பை டார்க் மோடுல வைங்க.

நாலாவது, நடுக்கம். மாட்டினப்புறம் இருபது நிமிஷம் மோசமான ரோட்டுல ஓட்டிட்டு வந்து போல்ட்டைப் பாருங்க. கிளாம்ப் வழுக்கினா உள்ள சைக்கிள் டியூப் துண்டு ஒண்ணு வெச்சு இறுக்குங்க. போல்ட் மேலயும் பக்கத்துலயும் சேர்த்து நெயில் பாலிஷ்ல ஒரு கோடு போடுங்க. கோடு விலகியிருந்தா போல்ட் லூஸ் ஆயிருக்கு. தினமும் காலையில ஒரு பார்வை போதும். இந்த ஐடியா தங்கச்சிக்கு ரொம்பப் பிடிச்சது, சிவப்பு கலர் போட்டா.

அஞ்சாவது, யாருக்கும் யோசிக்கப் பிடிக்காத சோதனை. வண்டி எதுலயாவது மோதி நீங்க முன்னாடி போனா, வயிறும் நெஞ்சும் எதுல இடிக்கும்? எழுந்து நின்னு ஓட்டும்போது விழுந்தா முகம் எதுல இடிக்கும்? அங்க கூர்மையான உலோகம் நீட்டிட்டு இருக்கக் கூடாது. நீளமான கையோட இருக்கிற மவுண்ட்டைவிடக் குட்டையானது நல்லது.

கடைசியில எங்க மாட்டினோம்?

முதல்ல நடு கிளாம்ப் மேல வெச்சோம். ரெண்டு சோதனை பாஸ். மூணாவதுல மாட்டிக்கிச்சு, நியூட்ரல் லைட்டும் ஹை பீம் லைட்டும் மறைஞ்சது. ரெண்டு அங்குலம் இடது பக்கம் நகர்த்தி, கொஞ்சம் மேல தூக்கினோம். எல்லாம் தெரிஞ்சது. அப்புறம் ஜி.பி. ரோடு போய், அந்த இடத்துக்குப் பொருந்துற மவுண்ட்டை வாங்கினோம். அவ முதல்ல அனுப்பின மூணு லிங்க்ல ஒண்ணுகூட அந்த இடத்துல உக்காராது. கடையில அந்தப் பையன் வழக்கமான இடத்துல மாட்டப் போனான். இவ, “அங்க வேணாம் ப்ரோ, டேப் ஒட்டியிருக்கு பாருங்க, அங்க”ன்னா. எனக்குப் பெருமையா இருந்தது.

கிளம்புற அன்னைக்கு அவகிட்ட ஒண்ணே ஒண்ணு சொன்னேன். ரோடு பிரியுற இடத்துல சந்தேகம் வந்தா ஸ்கிரீனை ரெண்டாவது தடவை பாக்காத. ஒரு பார்வையில புரியலன்னா ஓரம் கட்டி நிறுத்து. டீக்கடை இருந்தா ஒரு டீ குடி, அங்க இருக்கிறவங்களைக் கேளு.

மறுநாள் மதியம் தொண்டி பக்கத்துல இருந்து ஒரு ஃபோட்டோ அனுப்பினா. வண்டி மரத்தடியில நிக்குது, பக்கத்துல ஒரு இளநிக்கடை, கடைக்கார அம்மா கையை நீட்டி எங்கயோ காட்டுறாங்க. கீழ எழுதியிருந்தா: “மேப் தப்பு அண்ணா. இவங்க சொன்ன ரோடுதான் சரி.”

சரி நண்பர்களே, இன்னைக்கு இவ்வளவுதான். இந்த வாரம் ஒரு வேலை பண்ணுங்க. ஹெல்மெட் போட்டு, நிக்கிற வண்டியில ஏறி உக்காந்து, உங்க ஃபோன் இப்ப இருக்கிற இடத்துல அந்த முதல் சோதனையை மட்டும் பண்ணிப் பாருங்க. பக்கத்து வீட்டுக்காரங்க ஒரு மாதிரியா பாப்பாங்க, பரவாயில்ல. என்ன ஆச்சுன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல மழைக்கால ரைடுக்கு டயர், பிரேக் எப்படித் தயார் பண்றதுன்னு பேசுவோம். பத்திரமா ஓட்டுங்க. வணக்கம்.